கொடிவீடு: முதலில் நாற்காலியைப் போட்டுப் பாருங்கள்

கேள்வி இது: "தோட்டத்தின் கோடியில், இலையும் கொடியும் சூழ்ந்த ஓர் ஒதுக்கிடம் அமைக்க ஆசை. தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான். கொடிப்பந்தல் போடுவதா, கூரை வேய்ந்த குடில் கட்டுவதா? எந்தக் கொடி விரைவில் மூடும்?"

இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டீர்கள். அங்கே உட்கார்ந்தால் உங்கள் கண்ணுக்கு எது தெரியும்? இதற்கு விடை கிடைக்காமல் குழி தோண்டாதீர்கள். நான் இதுவரை நான்கு கொடிவீடுகள் போட்டிருக்கிறேன். இரண்டு விழுந்துவிட்டன. மூன்றாவது இன்னும் நிற்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் அதில் யாரும் உட்காருவதில்லை. அது மதிலைப் பார்த்தபடி இருக்கிறது, முதுகுப் பக்கம் நடைபாதை. உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் யாரோ பின்னால் வருவதுபோல் ஓர் உணர்வு வந்து, நாமே எழுந்துவிடுவோம். நான்காவதில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு மட்டும் கொடி நடுவதற்கு முன் ஒரு வாரம் வெறும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தோட்டம் முழுக்க அலைந்தேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். எந்த நேரத்தில் உட்காரப் போகிறீர்களோ அந்த நேரத்தில் நாற்காலியைப் போட்டு அரை மணி இருங்கள். வெயில் எங்கிருந்து விழுகிறது, காற்று எப்படி வருகிறது, அடுத்த வீட்டு மாடியிலிருந்து உங்கள் தலை தெரிகிறதா என்று பாருங்கள். காகிதத்தில் வரைந்த திட்டம் இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாது.

ஜே ஆப்பிள்டன் என்ற பிரிட்டிஷ் புவியியலாளர் 1975இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நாம் பார்க்க முடிய வேண்டும், நம்மைப் பிறர் பார்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து அமைந்த இடமே மனிதனுக்கு இதமாகத் தோன்றுகிறது என்பது அதன் சாரம். மேசைக்கடியில் போர்வையைத் தொங்கவிட்டு, ஓர் ஓரத்தில் மட்டும் விலக்கி எட்டிப் பார்க்கும் குழந்தைக்கு இது படிக்காமலே தெரியும். கொடிவீட்டின் இலக்கணமே இதுதான்: முதுகும் இரு பக்கமும் மறைந்திருக்க வேண்டும், முன்புறம் திறந்திருக்க வேண்டும், தலைக்கு மேல் ஏதாவது கவிந்திருக்க வேண்டும். நான்கு பக்கமும் மூடினால் அறையாகிவிடும், காற்றும் வராது. நான்கு பக்கமும் திறந்திருந்தால் வெறும் பந்தல். பந்தலின் கீழ் பத்துப் பேர் உட்காரலாம், பேசலாம். ஒருவர் தனியாக உட்கார்ந்தால் ஏதோ விடுபட்டவர்போல் இருப்பார்.

மறைப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மணிமேகலையில் உவவனம் என்ற சோலையின் நடுவே ஒரு பளிக்கறை, அதாவது பளிங்கு அறை, வருகிறது; உள்ளே எழும் ஒலியை வெளியே விடாது, உருவத்தை மட்டும் வெளியே காட்டும் என்கிறார் சாத்தனார். இலைச்சுவர் இதற்கு நேர் தலைகீழ். உருவத்தை மறைக்கும், ஒலியை விட்டுவிடும். சாலை இரைச்சலைத் தடுக்கலாம் என்று கொடி நட்டவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள்தான். ஒற்றை வரிசைக் கொடி சத்தத்தைக் குறைப்பது மிகச் சொற்பம். இரைச்சல் தொல்லை இருந்தால் அருகே சிறிதாக நீர் விழ வழி செய்யலாம், அல்லது காற்றில் சலசலக்கும் மூங்கிலை வைக்கலாம். இரைச்சல் போகாது, காது வேறொன்றில் ஈடுபடும். கூடவே, உள்ளே இருந்து நீங்கள் பேசும் ரகசியமும் வெளியே கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி நிழல். தகரக் கூரை போட்டால் ஒரே நாளில் நிழல் கிடைக்குமே, எதற்குக் கொடி என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நிழல் கிடைக்கும், குளிர்ச்சி கிடைக்காது. தகரம் வெயிலை வாங்கிச் சூடேறி, அந்தச் சூட்டைக் கீழே நம் தலையில் இறக்கும். இலை அப்படியல்ல. வேர் உறிஞ்சிய நீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டே இருப்பதால், நீர் குறையாத வரை இலையின் வெப்பம் சுற்றுக் காற்றின் வெப்பத்தை அதிகம் தாண்டுவதில்லை. மேலிலை வெயிலைத் தாங்குகிறது, அடுத்த இலை மேலிலையின் நிழலில் இருக்கிறது, அதற்கடுத்தது இன்னும் குளிர்ந்திருக்கிறது. இந்த அடுக்கு இருக்கும்வரைதான் கொடிவீட்டின் பெருமை. நீர் ஊற்றாமல் வாடவிட்ட பந்தலின் கீழ் இந்தச் சுகம் இருக்காது.

தரையில் விழும் ஒளிப்பொட்டுகளையும் கவனியுங்கள். இலைகளுக்கிடையே உள்ள சந்துகள் தாறுமாறான வடிவில் இருந்தாலும் பொட்டுகள் வட்டமாகவே இருக்கும். ஒவ்வொரு சிறு சந்தும் ஊசித்துளைக் கேமராவாகி, சூரியனின் உருவத்தைத் தரையில் வீழ்த்துகிறது. சூரிய கிரகணத்தின்போது இந்த வட்டங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பிறைகளாகிவிடும். ஒருமுறையாவது பார்க்க வேண்டிய காட்சி அது. நான் அதற்காகவே தரையில் வெளிர்நிற மணல் பரப்பியிருக்கிறேன். கருங்கல் பாவினால் பொட்டுகள் அமுங்கிவிடும்.

திசை: வெப்ப நாடுகளில் எதிரி மாலை வெயில்தான். உச்சி வெயிலை மேற்கூரை பார்த்துக்கொள்ளும். சாய்ந்து வரும் மேற்கு வெயில் கூரைக்கடியில் நுழைந்து முகத்தில் அடிக்கும். எனவே அடர்ந்த கொடி மேற்குச் சுவருக்கு, திறப்பு கிழக்குக்கோ வடக்குக்கோ. குளிர் நாடுகளில் கணக்கு வேறு. அங்கே குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் திராட்சை போன்ற கொடி நல்லது. கோடையில் மறைக்கும், குளிரில் வெயிலை உள்ளே விடும்.

கொடிக்கு வருவோம். "எது விரைவில் மூடும்" என்று கேட்பதற்கு முன் "எது எப்படிப் பிடித்து ஏறும்" என்று கேட்க வேண்டும். சில கொடிகள் தண்டாலேயே சுற்றி ஏறும்: அவரை, சங்குப்பூ, முல்லை இந்த வகை. சில பற்றுக்கம்பியை நீட்டிப் பிடிக்கும்: பாகல், பீர்க்கு, திராட்சை. சில பற்றுவேர் ஊன்றிச் சுவரோடு ஒட்டும். காகிதப்பூ போன்றவை முள்ளை மாட்டிக்கொண்டு பிறர் மேல் சாய்ந்து ஏறும். அவற்றை நாம்தான் கட்டிவிட வேண்டும். செங்காந்தளுக்கு இலை நுனியே பற்றுக்கம்பி; பார்க்க அத்தனை அழகு, ஆனால் கிழங்கு முதல் விதை வரை நஞ்சு. குழந்தைகள் வந்துபோகும் இடத்தில் வேண்டாம்.

இந்த வேறுபாடு தெரியாமல் பணத்தைக் கொட்டி வழவழப்பான பருத்த தூண் நட்டு, அதன் காலடியில் பாகலை விதைத்தால் அது தரையில்தான் படரும். பற்றுக்கம்பி விரல் பருமனுக்கு மேற்பட்டதைச் சுற்றிப் பிடிப்பது அரிது. தண்டால் சுற்றும் கொடிகளும் பருத்த தூணில் திணறும். தூண் எவ்வளவு பருமனாக இருந்தாலும் சரி, அதை ஒட்டி ஒரு கயிறோ கம்பியோ நிலத்திலிருந்து உச்சி வரை இழுத்துக் கட்டிவிடுங்கள். கொடி கயிற்றில் ஏறும், தூண் பாரத்தைத் தாங்கும். நாமாகச் சுற்றிவிடுவதாக இருந்தால் அது எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று பார்த்துச் சுற்றுங்கள். அது இனத்தின் பிறவிக் குணம். எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டால் அவிழ்த்துக்கொண்டு தன் வழிக்கே போகும்.

சார்லஸ் டார்வின் நோய்வாய்ப்பட்டு அறையைவிட்டு வெளியேற முடியாமல் கிடந்தபோது, ஒரு ஹாப் கொடியைத் தொட்டியில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவும் பகலும் கவனித்தார். கொடியின் இளநுனி பற்றுக்கோடு தேடி வெறுங்காற்றில் வட்டமிடுகிறது. வெப்பமான பகலில் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 2 மணி 8 நிமிடம் என்று கணக்கெடுத்தார். ஏறுகொடிகள் பற்றிய அவருடைய ஆய்வு 1865இல் வெளியானது. ஒரு மாலைப்பொழுது சும்மா உட்கார்ந்து முல்லையின் நுனியைப் பாருங்கள். தேநீர் ஆறுவதற்குள் இடம் மாறியிருக்கும்.

விரைவு வேண்டுமென்றால் அவரை, பீர்க்கு, சங்குப்பூ போன்றவை. நல்ல மண்ணும் நீரும் இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் பச்சைத் திரை விழுந்துவிடும். ஆனால் காய்த்து ஓய்ந்ததும் காய்ந்த சருகும் கயிறுமாக நிற்கும். நிலைத்த கொடிவீட்டுக்கு மரத்தண்டுக் கொடிகள் வேண்டும். அவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும். முதலாண்டு வேர் இறங்கும், மேலே ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அந்த ஆண்டில்தான் பலர் பொறுமையிழந்து பிடுங்கி வேறொன்றை நடுகிறார்கள்.

முல்லை என் முதல் தேர்வு. அளவோடு வளரும், வெட்டினால் கோபித்துக்கொள்ளாது, மாலையில் மணக்கும். ரங்கூன் மல்லி வீரியம் மிக்கது; வெள்ளையாக மலர்ந்து, இளஞ்சிவப்பாகி, சிவப்பில் முடியும், ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். குருக்கத்தி என்கிற மாதவி பழம்பாடல்களில் வந்து நம் மனத்தைக் கவர்ந்தது. ஆனால் அது கொடி வடிவில் இருக்கும் மரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரீயூனியன், மொரீஷியஸ் தீவுகளில் காட்டு மரங்களை அமுக்கிக் கொல்லும் ஆக்கிரமிப்புத் தாவரமாக அது மாறியிருக்கிறது. சிறு தோட்டத்துக்கு ஏற்றதல்ல. ஊதா நிறச் சரம் சரமாகத் தொங்கும் விஸ்டீரியாவும் அப்படித்தான். கலிபோர்னியாவின் சியரா மாட்ரே ஊரில் 1894இல் நட்ட ஒரு விஸ்டீரியா ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குப் பரவியிருக்கிறது. எந்த வீட்டோரம் நட்டார்களோ அந்த வீட்டையே அது சிதைத்துவிட்டது.

பலவகைக் கொடிகளைக் கலந்து நட்டால் அழகு என்று நானும் நம்பினேன். நான்கு மூலைக்கு நான்கு வகை. இரண்டாம் ஆண்டு முடிவில் ரங்கூன் மல்லி மட்டும் இருந்தது. மற்ற மூன்றும் அதன் இருட்டில் செத்துப்போயிருந்தன. ஒரு பெரிய கொடி, கூடப் பருவத்துக்கு ஒரு சிறு கொடி. அதற்கு மேல் வேண்டாம்.

என் கொடிவீடுகள் விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பயன்படும். முதலாவது மூங்கிலால் போட்டது, பதப்படுத்தாமல் நேரே மண்ணில் நட்டது. மண்ணுக்குள் ஈரம், மேலே காற்று. இரண்டும் சந்திக்கும் அந்த ஒரு சாண் உயரத்தில்தான் மரமோ மூங்கிலோ முதலில் மக்கும். இரண்டாம் மழைக்காலத்தில் நான்கு கால்களும் ஒரே நாளில் முறிந்தன. இரண்டாவதில் காலைக் கல்லின் மேல் நிறுத்தினேன், மக்கவில்லை. ஆனால் குறுக்குக் கட்டு வைக்கவில்லை. மழையில் நனைந்த கொடியின் எடை காய்ந்திருக்கும்போது இருப்பதைவிட எத்தனையோ மடங்கு என்று தோன்றும். போதாக்குறைக்கு, அடர்ந்த இலைத்திரை காற்றுக்குக் கப்பல் பாய் போன்றது. ஒரு காற்றடித்த இரவில் சட்டகம் நாற்கரம் சாய்வதுபோலச் சாய்ந்து படுத்துக்கொண்டது. மேல் மூலைகளில் முக்கோணமாக நான்கு சிறு துண்டுகள் அடித்திருந்தால் நின்றிருக்கும். இப்போது இருப்பதில் இரும்புக் கால் காங்கிரீட்டில் 60 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, மேலே மரம், மூலைக்கு மூலை முட்டுக்கட்டை.

தூண் நடவே மனமில்லை என்றால் இன்னொரு வழி உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. போத்து நட்டால் துளிர்க்கும் மரங்கள் இருக்கின்றன: பூவரசு, கிளுவை, கல்யாண முருங்கை. கை பருமனுள்ள கிளைகளை அரைவட்டமாக நெருக்கி நட்டு, துளிர்த்ததும் உச்சிக் கிளைகளை உள்நோக்கி வளைத்து ஒன்றோடொன்று கட்டிவிட்டால் இரண்டு மூன்று ஆண்டில் உயிருள்ள கூடு. ஐரோப்பாவில் வில்லோ மரத்தின் நீண்ட குச்சிகளை இப்படியே நட்டுப் பின்னுகிறார்கள். மக்குமோ என்ற கவலை இல்லை, ஆண்டுக்கு ஆண்டு கால் வலுக்கும். கிளைகளை வெட்டிவிடும் கவாத்து வேலை மட்டும் ஓயாது. காய் முருங்கையும் போத்தில் வரும்தான். ஆனால் கம்பளிப்புழு கூட்டமாக இறங்கும் பருவத்தில் அதன் கீழ் ஒரு முறை உட்கார்ந்தவர் மறுமுறை உட்கார மாட்டார்.

அளவு: ஒருவரோ இருவரோ உட்கார உள்ளகலம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் போதும். பெரிதாக்கப் பெரிதாக்க அணைப்பு குறையும். இருக்கையின் உயரம் 45 சென்டிமீட்டர், சாய்மானம் கட்டாயம். வாயில் சட்டத்தின் உயரத்தைக் கணக்கிடும்போது கொடி ஒரு முழம் கீழே தொங்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசற்கதவிலிருந்து நேராகத் தெரியாதபடி பாதையில் ஒரே ஒரு வளைவு வையுங்கள். பத்தடி நடை, ஒரு திருப்பம்; சிறிய தோட்டத்திலும் தொலைவு வந்துவிடும்.

குடில் கேட்டீர்கள். பர்ணசாலை என்றதும் நமக்குப் பஞ்சவடியும், இலக்குவன் அமைத்த இலைக்குடிலும் நினைவுக்கு வருகின்றன. பர்ணம் என்றால் இலை. ஆனால் அது வசிப்பதற்கு, மழைக்கு, இரவுக்கு. படிக்க மட்டும் ஓரிடம் வேண்டுமென்றால் குடில் தேவைக்கு மேற்பட்டது. கட்டுவதானால் கூரைச் சரிவில் கஞ்சத்தனம் வேண்டாம். புல் வேய்வதற்கு 45 பாகைக்குக் குறைந்தால் நீர் வழிவதற்குப் பதில் ஊறும். காய்ந்த கூரை தீக்கு அஞ்ச வேண்டியது. அதன் அருகே விளக்கோ அடுப்போ கூடாது.

ஒதுங்கி வாழ ஆசைப்பட்டவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜப்பானியர் காமோ நோ சோமேய். பத்தடிக்குப் பத்தடி, ஏழடிக்கும் குறைந்த உயரம். அவ்வளவுதான் அவருடைய குடில். மூட்டுகளைக் கொக்கியால் இணைத்திருந்தார். இடம் பிடிக்காவிட்டால் பிரித்து இரண்டு வண்டியில் ஏற்றிப் போய்விடலாம். 1212இல் அதைப் பற்றி எழுதினார். அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4 அன்று குடியேறிய குளக்கரை வீடு பத்தடிக்குப் பதினைந்தடி. செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று கணக்கு எழுதி வைத்தார். மூன்று நாற்காலிகள் வைத்திருந்தார், விருந்தாளிகள் வந்தார்கள், அவரும் ஓரிரு நாளுக்கொருமுறை ஊருக்குள் நடந்து போய்வந்தார். அதைச் சொல்லிக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் குறையாக ஒன்றும் தோன்றவில்லை.

உரோமானியர் இளைய பிளினி இதற்கு எதிர்முனை. தன் மலையடி மாளிகைத் தோட்டத்தில் வெண்பளிங்கு இருக்கை, மேலே திராட்சைக்கொடி, அதைத் தாங்க நான்கு சிறு பளிங்குத் தூண்கள். உட்காருபவரின் பாரத்தால் பிதுங்கி வருவதுபோல இருக்கைக்கடியிலிருந்து நீர் குழாய்களில் வழிந்து முன்னாலுள்ள தொட்டியில் விழுமாம். சிறு உணவுத்தட்டுகள் படகு வடிவிலும் பறவை வடிவிலும் அந்த நீரில் மிதந்து வருமாம். ஆடம்பரம்தான், ஆனால் அவர் தொடங்கியது இருக்கையிலிருந்து என்பதைப் பாருங்கள்.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் செல்வர்கள் இன்னும் ஒருபடி போனார்கள். தோட்டத்தில் துறவிக்குடில் கட்டினார்கள். குடில் இருந்தால் போதுமா, துறவி வேண்டாமா? பெயின்ஸ்ஹில் தோட்டத்தை அமைத்த சார்லஸ் ஹாமில்டன் ஏழாண்டு முடி, நகம் வெட்டாமல், வேலைக்காரரிடம்கூடப் பேசாமல் இருப்பவருக்கு 700 பவுண்டு என்று அறிவித்ததாகவும், வந்த ஆள் மூன்று வாரத்தில் மதுக்கடையில் பிடிபட்டதாகவும் கதை. தனிமை தேவைப்படாதவனைத் தனிமையில் உட்கார வைத்தால் வேறென்ன நடக்கும்?

பறவைகளிலும் இப்படி ஓர் அலங்காரப் பித்தர் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியாவிலும் வாழும் குடில் கட்டும் பறவைகளில் ஆண் குச்சிகளால் குடில் அமைத்து வாசலில் பொருள்களை அடுக்கும். அவற்றில் ஓர் இனத்துக்கு நீலத்தின் மேல்தான் மோகம்: இறகு, பூ, இப்போது பிளாஸ்டிக் மூடிகளும். அந்தக் குடிலில் முட்டையிடுவதில்லை, குஞ்சு வளர்ப்பதில்லை. கூட்டைப் பெண்பறவை வேறெங்கோ தனியே கட்டிக்கொள்கிறது. பார்வைக்காக மட்டுமே போட்ட என் மூன்றாவது கொடிவீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பறவை நினைவுக்கு வரும்.

பராமரிப்பில் இரண்டைச் சொல்ல வேண்டும். தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல்தான் இலை இருக்கட்டும். அடியில் சருகு மண்டினால் பாம்பும் தேளும் நம்மைப்போலவே ஒதுக்கிடம் தேடி வரும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, பூத்து முடிந்ததும், உள்பக்கமிருந்து காய்ந்த தண்டுகளை வெட்டி எடுங்கள். இல்லாவிட்டால் மேலே பச்சையும் கீழே குப்பையுமாக இரண்டு அடுக்காகிவிடும், கொசு அடையும். கத்தரிக்கோலை எடுக்கும் முன் குளவிக்கூடு இருக்கிறதா என்று தலை தூக்கிப் பாருங்கள்.

உங்களுக்கு என் யோசனை: குடில் வேண்டாம். இந்த வாரம் நாற்காலியோடு அலைந்து இடத்தை முடிவு செய்யுங்கள். நல்ல இருக்கையாக ஒன்றைப் போட்டு, மூன்று பக்கமும் மேலும் சட்டம் நிறுத்துங்கள். மேற்குப் பக்கம் முல்லை நடுங்கள். அது வேரிறக்கும்வரை கயிறுகளில் அவரையும் சங்குப்பூவும் ஏறட்டும். இந்தப் பருவத்திலேயே நிழலில் உட்கார்ந்துவிடலாம். மூன்றாம் ஆண்டு முல்லை உச்சியைத் தொட்டதும் அவரை போடுவதை நிறுத்திவிட்டுக் கயிறுகளை அறுத்துவிடுங்கள்.